ஜாதிக்காய்த் தீவும் பழைய பேப்பர் தராசும்

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெறுவதுதான் ஊர் வழக்கம். எனக்கு அதில் பாதி வயதுதான் ஆகிறது. ஆனாலும் தியாகராய நகரில் நான் வேலை பார்த்த சுற்றுலா நிறுவனத்தில் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றையும் கையில் கொடுத்து என்னை முறைப்படி ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள். "வேற வேலைக்குப் போனா அது ராஜினாமா. எந்த வேலைக்கும் போகலேன்னா அது ரிட்டயர்மென்ட்தானே?" என்றார் முதலாளி. அவரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் இதுவரை இல்லை. நானும் சால்வையை மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த விழாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, ஒரு சந்தேகம். டூர் கிளம்பற எல்லாரையும் ஏன் முதல்ல பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிட்டுப் போய் எடை போடறோம்? ஏர்போர்ட்டுல போட மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. அந்த நிறுவனத்தில் என் ஏழு வருட உழைப்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே நினைவுச் சின்னம் அந்த வழக்கம்தான். அதன் கதையை எழுதிவைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்கள் யாரும் கேட்க வேண்டியிருக்காது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் பாஸ்போர்ட் நகல் எடுத்தேன். இரண்டாம் வருடம் விசா போட்டோக்களில் காது தெரிகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் வருடம் காசிக்கும் பத்ரிநாத்துக்கும் போய்த் தொலைந்த செருப்புகளைத் தேடினேன். அதற்குப் பிறகு என்னை ஒரு ஆளாக மதிக்கத் தொடங்கினார்கள்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். உலகம் முழுக்க ஆட்களை அனுப்பிய அவர் தாம்பரத்தைத் தாண்டியதில்லை. வண்டி என்றாலே அவருக்குக் குமட்டும். மயிலாப்பூர் வீட்டிலிருந்து தி.நகர் ஆபீஸுக்கு நடந்தே வருவார். ஆனால் பாரிஸில் எந்த ஓட்டலில் லிஃப்ட் பழுது, சிங்கப்பூரில் எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குப் பிரசாதம் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்வார். புது ஊர் எதைக் கொண்டுபோனாலும் மூன்றே கேள்விதான். பால் எங்கே வாங்குவே? பாத்ரூம் எவ்வளவு தூரம்? ஏறணுமா, இறங்கணுமா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் அந்த ஊர் பூமியில் இருப்பதாக ஒப்புக்கொள்வார். "அந்த ஊருக்கு ஒரு வரலாறு இருக்கு சார்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "வரலாறெல்லாம் டிபனுக்கு அப்புறம்."

எனக்கோ டிபனுக்கு முன்னாலேயே வரலாறு வேண்டும். அப்படித்தான் பண்டா தீவுகளில் போய் மாட்டிக்கொண்டேன்.

இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில், நடுக்கடலில் யாரோ கைதவறிச் சிந்தியது மாதிரி சில துளி நிலம். நடுவில் ஓர் எரிமலை, கழுத்தளவு கடலில் நின்றுகொண்டிருக்கிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் நம் வீட்டில் உரசிக் கொடுக்கிற ஜாதிக்காயும், பிரியாணியில் போடுகிற ஜாதிபத்திரியும் ஒரு காலத்தில் உலகத்துக்கே இந்தத் தீவுகளிலிருந்து மட்டும்தான் போயின. அரபு வியாபாரி, சீன வியாபாரி, குஜராத்தி வியாபாரி என்று பல கை மாறிப் போய்ச் சேரும்போது ஐரோப்பாவில் அதன் விலை பிரபுக்களையே பெருமூச்சு விட வைத்தது. எங்கிருந்துதான் வருகிறது என்று போர்ச்சுக்கீசியர் தேடி வந்தார்கள். பின்னாலேயே டச்சுக்காரர்கள் வந்தார்கள். ஆங்கிலேயர்கள் 'ருன்' என்ற குட்டித் தீவில் போய் ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒப்பந்தம் போட்டபோது ருன் தீவு டச்சுக்காரர்களுக்கு, பதிலுக்கு மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களுக்கு என்று முடிவானது. ஆமாம், நியூயார்க்கில் இருக்கிற அதே மன்ஹாட்டன்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சாரிடம் போய் நின்றேன்.

"பால்?"

"பவுடர் கிடைக்கும் சார்."

"பாத்ரூம்?"

"தங்கற இடத்துலயே இருக்கு சார்."

"ஏறணுமா, இறங்கணுமா?"

"ஒரு எரிமலை இருக்கு சார். ஏறியே ஆகணும்னு கட்டாயம் இல்ல."

"வெடிக்குமா?"

"கடைசியா வெடிச்சப்போ நான் பொறக்கவே இல்ல சார்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடின்னா எனக்கு நேத்திக்கு மாதிரிம்மா." மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "சரி. பத்து பேர் சேர்த்தா நீயே கூட்டிண்டு போ. சேரலேன்னா திரும்ப விசா போட்டோவுல காது பாரு."

அதற்கு முன் எந்தக் கூட்டத்தையும் நான் தனியாக அழைத்துப்போனதில்லை. அந்தத் தீவுகளை என் கண்ணால் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் விளக்கக் கூட்டம் போட்டோம். போண்டாவும் காபியும் உண்டு என்று போட்டதால் ஹால் நிறைந்தது. மேடையேறி மன்ஹாட்டன் கதையைச் சொன்னேன். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி முன்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஏம்மா, அந்த யாவாரத்துல யாரு ஏமாந்தது?"

"அந்தக் காலத்துல ரெண்டு பேருமே தான்தான் ஜெயிச்சோம்னு நினைச்சாங்க அண்ணாச்சி."

"அப்பம் அது நல்ல யாவாரம்தாம்லா" என்று திருப்தியாகப் போண்டாவை எடுத்துக்கொண்டார்.

சிரிக்க முடியாத பகுதியையும் சொன்னேன். தங்களைத் தவிர வேறு யாருக்கும் ஜாதிக்காய் விற்கக் கூடாது என்ற டச்சுக்காரர்கள், கேட்காத தீவுக்காரர்களைக் கொன்று குவித்தார்கள். பிடிபட்டவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். சிலர் வேறு தீவுகளுக்குத் தப்பி ஓடினார்கள். சொந்த மண்ணில் மிஞ்சியவர்கள் மிகச் சிலர். பிறகு வேறு ஊர்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து அதே மரங்களுக்கடியில் வேலை வாங்கினார்கள். ஹாலில் யாரும் மெல்லவில்லை. அலமேலு மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பாவிகள்" என்றார். "இனிமே அந்தக் காயை உரசறச்சே ஞாபகம் வரும்."

மாமி மாட வீதிக்காரர். நாற்பது கிலோவைத் தாண்டாத உடம்பு, நானூறு பேரை அடக்கும் குரல். கூடவே மாமா. அவருக்குப் பல்லும் இல்லை, பேச்சும் இல்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். எழுந்ததும் அவருக்குப் பின்னால் இருந்த கதவு மறைந்தது. கோயில் குளத்தைத் தாண்டி நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஷேக் பாய்.

"மரத்துக்குப் பக்கத்துல போய்ப் பாக்க விடுவாங்களாம்மா?"

"தோட்டத்துக்குள்ளயே நடக்கலாம் பாய்."

"ஜாதிக்கா மரந்தானே? நம்ம குத்தாலத்துலயே நிக்கே!" என்றார் அண்ணாச்சி. "இங்கிலீஷ்காரன் கொண்டாந்து வச்சது. வேணும்னா நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன், வாங்க."

"அதைப் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் பாய். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்தக் காயை வித்துச் சாப்பிடறோம். பேரனைப் பாத்தாச்சு. பாட்டனை ஒரு தடவை போய்ப் பாக்க வேணாமா?"

அன்றைக்கே பத்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி வழக்கப்படி சமையல்காரர் சுந்தரண்ணனும் கூட வருவார். அவர் வராவிட்டால் பத்தில் ஏழு பேர் அந்த நிமிஷமே வாபஸ். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு. தீவுக்குப் போகும் குட்டி விமானத்தில் இருப்பதும் பன்னிரண்டு இருக்கை. ஆண்டவனே கணக்குப் போட்டுக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான், தீவுக்கு விமானம் கிளம்பும் அம்போன் என்ற ஊரிலிருந்து அந்தக் குட்டி விமானக்காரர்களின் மின்னஞ்சல் வந்தது. விமானம் சின்னது. பையை மட்டுமல்ல, பயணியையும் சேர்த்து எடை போடுவார்கள். மொத்த எடை வரம்பைத் தாண்டினால் யாரையாவது இறக்கிவிடுவார்கள். அடுத்த விமானம் எப்போது என்பது வானிலையைப் பொறுத்தது.

சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க போய் நின்னுண்டு யாரை இறக்குவே? கண்காணாத தேசத்துல ஒரு மாமியை இறக்கிவிட்டுட்டு நீ மயிலாப்பூருக்குள்ள காலடி வைக்க முடியுமா? போட வேண்டிய சண்டையை இங்கேயே போட்டுடணும். எல்லாரையும் பையோட வரச் சொல்லு."

எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்தில் செல்வத்தின் பழைய பேப்பர் கடை. தரையில் வைக்கும் பெரிய மின்தராசு அவரிடம் இருந்தது. அதைக் காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நம்பிய அப்பாவி நான்.

முதல் சிக்கல் பெண்களிடமிருந்து வந்தது. நாலு பேர் பார்க்கத் தராசில் ஏற மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். எண் தெரியும் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்து, செல்வம் மட்டும் பார்த்து என் காதில் சொல்வது என்று ஏற்பாடு. ஆனால் செல்வத்தின் தொழில் பழக்கம் வேறு. முதல் பெண்மணி ஏறியதும் தெருவுக்கே கேட்கும்படி கூவினார்: "எழுவத்தி நாலு அறநூறு! கோணி கழிக்கணுமா?"

அதற்குப் பிறகு நடந்ததை விவரிப்பது கஷ்டம். வளையல்களுக்குத் தள்ளுபடி கேட்டார்கள். புடவைக்கு ஒரு கிலோ கழிக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி இறங்கி, மூச்சை வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினார். எண் மாறவில்லை. "ஏ தம்பி, ஒன் தராசுல ஏதோ கோளாறு இருக்குலே" என்றார்.

செல்வத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார் நீ? இத்தினி வருசமா தராசு கம்மியா காட்டுதுன்னுதான் என்னாண்ட சண்டைக்கு வருவாங்கோ. இன்னிக்குத்தான் நைனா, ஜாஸ்தியா காட்டுதுன்னு சண்டைக்கு வந்துகினு கீறாங்கோ. நானு இன்னாதான் பண்றது?"

சுந்தரண்ணனின் தகரப் பெட்டி தனியாக ஏறியது. ஆள் எடைக்கு இருந்தது. திறக்கச் சொன்னேன். அரிசி, பருப்பு, மூன்று வகைப் பொடி, புளி, அப்பளம். ஒரு மூலையில் காகிதப் பொட்டலத்தில் ஜாதிக்காய்.

"அண்ணே, ஜாதிக்காய்த் தீவுக்கே ஜாதிக்காயா?"

"அங்க சரக்கு எப்படி இருக்குமோ பாப்பா. இது நம்ம பாய் கடையில வாங்கினது. நம்பிப் போடலாம்."

பாய் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தார்.

அடுத்து மாமி. பையோடு ஏறியும் முன்னால் ஏறிய பெண்மணியை எட்டவில்லை. தராசிலிருந்து இறங்காமலே தன் கட்சியை எடுத்து வைத்தார். "ஏண்டிம்மா, ஆளையும் பையையும் சேர்த்துத்தானே கணக்கு? அப்போ நான் ஒல்லியா இருக்கறதுக்கு எனக்கு என்ன லாபம்? இன்னும் ரெண்டு பாட்டில் தொக்கு இருக்கு, அதையும் ஏத்திக்கோ."

பையை இறக்கும்போது உள்ளே கணகணவென்று சத்தம். ஒரு சின்ன குக்கர்.

"மாமி, சுந்தரண்ணன்தான் வராரே?"

"அவர் சாதம் உதிர் உதிரா வடிப்பார். எங்காத்து மாமாவுக்குக் குழையணும். இதை எடுத்துண்டு போகாம நான் வர மாட்டேன்."

மாமா ஆமாம் என்று தலையசைத்தார்.

கடைசியாகப் பாய். அவர் ஏறியதும் தராசு ஒரு முனகல் முனகியது. செல்வம் முதல் தடவையாகக் கூவவில்லை. எழுந்து வந்து என் காதில் சொன்னார். நான் கூட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் எடை அதிகம்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் தராசையே பார்த்தார்கள். அதன் மேல் பாய் நின்றுகொண்டிருந்தார். தன் கையில் இருந்த பையைப் பார்த்தார். இரண்டு சட்டை, ஒரு தொழுகை விரிப்பு, மாத்திரை டப்பா. அதில் குறைக்க எதுவும் இல்லை. மெதுவாக இறங்கினார்.

"நான் நின்னுக்கறேம்மா. மாமியோட குக்கரு போகட்டும். அதுவாவது மரத்தைப் பாத்துட்டு வரட்டும்."

குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. மாமி குனிந்து பையைத் திறந்து குக்கரை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் தரையில் ணங்கென்று வைத்தார்.

"நன்னாயிருக்கு பாய்! குக்கர் போய் மரத்தைப் பாத்து என்ன பண்ணப் போறது? என்னை ஊர் சிரிக்கப் பண்ணாதீங்கோ." திரும்பி, "சுந்தரம், இவருக்கு மட்டும் தனியாக் குழைய வடிப்பியோ?" என்று கேட்டார்.

"மாமா ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி வடிக்கறேன் மாமி."

அதற்குப் பிறகு தானாகவே நடந்தது. அண்ணாச்சி ஒரு பெரிய எவர்சில்வர் டிபன் கேரியரை எடுத்து வெளியே வைத்தார். தீவில் யாருக்காவது விற்றுப் பார்க்கலாம் என்று கொண்டுவந்தாராம். தொக்கு வெளியே வந்தது. இரண்டு இஸ்திரிப்பெட்டி, ஒரு வெந்நீர்க் கெட்டில், பட்டுப்புடவைகள். "தீவுல யாரு கல்யாணம்?" என்று கேட்டார் செல்வம். சுந்தரண்ணன் பாதி அரிசியை இறக்கினார், கண்ணில் நீர் வராத குறை.

மறுபடி கூட்டினேன். இன்னும் ஐம்பத்தாறு கிலோ அதிகம்.

எடுக்க இனி எதுவும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, நான் இன்னும் தராசில் ஏறவே இல்லை. கணக்குக்காகப் போன மாதம் வீட்டில் பார்த்த என் எடையைப் போட்டு வைத்திருந்தேன். ஏறி நின்றேன்.

"ஐம்பத்தி ஆறு" என்றார் செல்வம். மெதுவாக.

முட்டாள்தனமாக ஒரு விநாடி சுந்தரண்ணனைப் பார்த்தேன். பிறகு பாயைப் பார்த்தேன். மாமியைப் பார்த்தேன். சமைக்க ஆள் வேண்டும். வழிகாட்ட அங்கேயே ஆள் கிடைப்பார். இறங்கினேன். குக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"ஏம்மா, என்னம்மா இது?" என்று பாய் பதறினார். "இது உன் டூரும்மா. நீதானே கண்டுபிடிச்சே!"

"எனக்கு வயசு இருக்கு பாய்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். தூரம் அதிகமில்லை. சாரின் இரண்டாம் கேள்விக்கு எங்கள் ஆபீஸிலேயே நல்ல பதில் இருந்தது.

கிளம்பும்வரை மிச்சமிருந்த நாட்களில் என்னிடம் இருந்த வரலாற்றை எல்லாம் குரல் பதிவாகப் போட்டுப் பாயின் போனில் ஏற்றினேன். கோட்டை வாசலில் கேட்க ஒன்று, எரிமலையைப் பார்த்தபடி கேட்க ஒன்று, ருன் தீவுக்குப் படகில் போகும்போது ஒன்று. "குரலுக்கு எடை கிடையாதுல்லம்மா?" என்று பாய் சந்தேகமாகக் கேட்டார்.

அம்போனிலிருந்து ஒரு மாலை சாரின் மேஜை போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பாய்தான்.

"அம்மா, மோசம் போயிட்டோம்மா. காத்து ஜாஸ்தின்னு பிளேனை விடல."

"இப்ப என்ன பாய் பண்றீங்க?"

"கப்பல்ல வந்துட்டோம்மா. இதோ ஏறி உக்காந்தாச்சு. எம்மாம் பெரிய கப்பல்! இங்க எடையே போடல. ஒருத்தர் மோட்டார் சைக்கிள் ஏத்தறாரு. ஒருத்தர் ரெண்டு ஆடு ஏத்தறாரு. அரிசி மூட்டை மட்டும் ஒரு நூறு..."

பின்னாலிருந்து மாமியின் குரல் கடல் தாண்டி வந்தது. "ஆட்டை ஏத்தறான்டிம்மா! என் குக்கரை வெச்சுட்டு வந்தேனே!"

சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிக்க ஆரம்பித்தவர் அவர்தான். நான் அழுகையில் ஆரம்பித்து, அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததும் சிரிப்புக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பாய் வீடியோவில் வந்தார். வானளவு வாதுமை மரங்கள். அவற்றின் நிழலில் ஜாதிக்காய் மரம். மஞ்சள் பழம் ஒன்று வாய் பிளந்து, உள்ளே சிவப்பு வலை போர்த்திய கொட்டையைக் காட்டியது. பாய் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரியவர் முன்னால் நிற்பது போல நின்றார். பிறகு காய வைத்திருந்த கொட்டைகளைப் பார்த்ததும் கடைக்காரர் விழித்துக்கொண்டார். தோட்டக்காரரிடம் கையாலேயே, இது பூச்சி விழுந்தது, இது நல்லது என்று பிரித்துக் காட்டினார். தோட்டக்காரரும் தலையாட்டி இன்னொரு கூடையை இழுத்துப் போட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வேலை மட்டும் மளமளவென்று நடந்தது.

"கொஞ்சம் வாங்கிட்டு வரீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. இத்தனை வருசம் வாங்கி வித்தாச்சு. ஒரு தடவை சும்மா பாக்கணும்னு இருந்தேன், பாத்துட்டேன்."

அவர்கள் திரும்பி வந்து சொன்ன கதைகளில் தீவுக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதலில் செல்வத்தின் தராசு என்று சார் சட்டமாக்கிவிட்டார். அடுத்தடுத்து மூன்று கூட்டம் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் விசா, விபத்து, மழை என்று ஏதாவது என்னைப் பிடித்து நிறுத்தியது. இடையில் எந்த ஓட்டல் மாடியில் எரிமலை நன்றாகத் தெரியும், எந்தப் படித்துறை வழுக்கும், எந்தக் கடையில் ஜாதிப்பழ ஜாம் நன்றாயிருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளருக்கு அப்படிச் சொல்லி முடித்ததும் சார் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"இப்போதாம்மா நீ இந்தத் தொழிலுக்கு வந்திருக்கே. போகாமலே தெரியறது பார், அதுதான் அனுபவம்."

அவர் மனதாரப் பாராட்டினார். நான் அவர் நாற்காலியைப் பார்த்தேன், பிறகு என் நாற்காலியைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானமே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

சால்வை விழா முடிந்த மறுவாரம் மாமி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். பண்டா தீவுகளுக்கு என்று சொன்னேன். கப்பலில்தான் என்றும் சொன்னேன். எழுந்து உள்ளே போனவர் பேப்பர் சுற்றிய ஒரு பொருளோடு வந்தார். "அப்போ இதை எடுத்துண்டு போ. ஆட்டுக்கு இடம் இருக்கு, இதுக்கு இருக்காதா?"

நேற்றுக் காலை, பழக்க தோஷம், பையைத் தூக்கிக்கொண்டு செல்வத்தின் கடைக்குப் போனேன். தராசில் ஏறியதும் பைக்குள் கணகணவென்று சத்தம்.

"இன்னா மேடம், இன்னிக்கு நீ மட்டுமா?"

"ரெண்டு பேர்" என்றேன்.

செல்வம் குனிந்து எண்ணைப் பார்த்தார். தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அன்றைக்கு இதே இடத்தில் இறக்கி வைக்கப்பட்ட நானும் குக்கரும் பையோடு சேர்ந்து அறுபத்திரண்டு கிலோ. கோணி கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.